எந்தப் பட்டியலிலும் சேராத பெண்கள்

2002 நவம்பர் 11. பிரேசிலில், ரியோ டி ஜெனிரோவை ஒட்டியுள்ள பெல்ஃபோர்டு ரோஷோ என்ற ஊர். ஆறு மாதக் கர்ப்பிணியான அலினி ட சில்வா பிமென்டெல் கடும் வயிற்றுவலியோடும் குமட்டலோடும் அங்கிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார். வயது 28. வீட்டில் ஐந்து வயது மகள். கறுப்பினப் பெண், வசதியில்லாத குடும்பம். மருத்துவர் குமட்டலுக்கு ஒரு மருந்து, பி12 வைட்டமின், ஒரு களிம்பு என்று எழுதிக் கொடுத்து, இரண்டு நாள் கழித்து பரிசோதனைக்கு வரும்படி சொல்லி அனுப்பிவிட்டார்.

13ஆம் தேதி அவர் திரும்பி வந்தபோது சிசுவின் இதயத்துடிப்பு நின்றிருந்தது. மருந்து கொடுத்து வலி வரவழைத்தார்கள். குழந்தை இறந்தே பிறந்தது. கருப்பையில் தங்கிவிட்ட நஞ்சுக்கொடியின் மிச்சத்தை உடனே எடுத்திருக்க வேண்டும். அந்தச் சிகிச்சை 14 மணி நேரம் கழித்துத்தான் நடந்தது. அதன் பிறகு ரத்தப்போக்கு ஏற்பட்டது, ரத்த அழுத்தம் சரிந்தது. நோவா இகுவாசு நகரின் பொது மருத்துவமனைக்கு மாற்ற முடிவெடுத்தார்கள். ஆம்புலன்ஸுக்காக எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் படுக்கை இல்லை. அவசரப் பிரிவின் நடையில் ஒதுக்கிய ஓரத்தில் கிடத்தினார்கள். அவருடைய மருத்துவக் குறிப்புகளை யாரும் அனுப்பிவைக்கவில்லை. எதிரில் கிடப்பவர் இரண்டு நாளுக்கு முன்பு குழந்தை பெற்றவர் என்பதே அங்கிருந்த மருத்துவர்களுக்குத் தெரியாது. 21 மணி நேரம் அந்த நடையிலேயே கிடந்து, 16ஆம் தேதி மாலை அலினி இறந்தார்.

பிரேசிலில் இலவச மருத்துவத்தை அரசமைப்புச் சட்டமே உறுதி செய்கிறது. 1988 முதல் மருத்துவம் எல்லோருக்கும் உரிமை. கறுப்பினத்தவருக்கு ஒரு விதி, வெள்ளையருக்கு ஒரு விதி என்று எந்த ஆணையிலும் எழுதப்படவில்லை. எந்த விதியும் அலினியை ஒதுக்கவில்லை. ஒவ்வொரு கதவாக அவருக்குத் தாமதமாகத் திறந்தது, அவ்வளவுதான்.

அலினியின் தாய் விடவில்லை. உள்நாட்டு நீதிமன்றத்தில் வழக்கு இழுத்துக்கொண்டே போக, 2007இல் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழுவிடம் முறையிட்டார். பிரேசில் அரசு இரண்டு வாதங்களை வைத்தது. செரிமானப் பாதையில் ஏற்பட்ட ரத்தக்கசிவால்தான் மரணம், எனவே இதைத் தாய்மை மரணம் என்று சொல்ல முடியாது என்றது. தவறு நடந்தது தனியார் மருத்துவமனையில், அதற்கு அரசு பொறுப்பாகாது என்றது. குழு 2011இல் இரண்டையும் தள்ளுபடி செய்தது. அத்தோடு நிற்காமல், அலினி பெண் என்பதாலும், ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்பதாலும், ஏழை என்பதாலும் ஒருசேரப் பாகுபாட்டுக்கு ஆளானார் என்று தீர்மானித்தது. ஒரு தாய்மை மரணத்துக்கு ஓர் அரசைப் பொறுப்பாக்கி சர்வதேச மனித உரிமைக் குழு அளித்த முதல் முடிவு இதுதான். 2014இல் பிரேசில் அந்தத் தாய்க்கு இழப்பீடு வழங்கியது.

அந்த முடிவின் உயிர் 'ஒருசேர' என்பதில்தான் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டும்.

செயின்ட் லூயிஸ் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். அந்த நிறுவனம் 1964க்கு முன்பு கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுத்ததில்லை. மந்தநிலை வந்து, கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் வெளியேற்று என்ற விதிப்படி ஆட்குறைப்பு நடந்தபோது, 1970க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் மொத்தமாக வேலையிழந்தார்கள். 1976இல் நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? நிறுவனம் நெடுங்காலமாகவே பெண்களை வேலைக்கு எடுத்து வந்திருக்கிறது, ஆகவே பெண் என்ற பாகுபாடு இல்லை. அந்தப் பெண்கள் எல்லோரும் வெள்ளையர் என்பதை அது பொருட்படுத்தவில்லை. இனப் பாகுபாடு என்றால் அதே நிறுவனத்தின் மீது ஏற்கெனவே தொடுக்கப்பட்டிருந்த இனப் பாகுபாட்டு வழக்கோடு சேர்ந்துகொள்ளட்டும். இரண்டையும் கலந்து 'கறுப்பினப் பெண்' என்று ஒரு தனி வகையை உருவாக்கச் சட்டத்தில் இடமில்லை.

சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய கட்டுரையில் இந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்தார். நாற்சந்தியில் நடக்கும் விபத்தை அவர் உதாரணம் காட்டினார். அடிபட்டவர் மீது மோதிய வண்டி வடக்கிலிருந்து வந்திருக்கலாம், கிழக்கிலிருந்து வந்திருக்கலாம், எல்லாத் திசையிலிருந்தும் வந்து மோதியிருக்கலாம். எந்தத் திசை என்று தெரிந்தால்தான் சிகிச்சை என்று சொல்லும் ஆம்புலன்ஸால் அவருக்கு என்ன பயன்? இந்தப் பார்வைக்கு அவர் இட்ட பெயர் இன்டர்செக்‌ஷனாலிட்டி. தமிழில் குறுக்குவெட்டுப் பார்வை என்கிறார்கள். சட்டக் கல்லூரியில் பிறந்த இந்தக் கருத்து இன்று பொதுச் சுகாதாரத் துறையிலும் நிறைய உழைக்கிறது. உடல்நலக் கொள்கை வகுப்பவர்களும் அந்த நீதிபதியைப் போலவே பத்தி பத்தியாகப் பிரித்து யோசிக்கப் பழகியவர்கள். பெண்களுக்கு ஒரு திட்டம், பட்டியலினத்தவருக்கு ஒரு திட்டம், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு திட்டம்.

படிப்பும் பணமும் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 2019இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. 2007 முதல் 2016 வரையிலான தாய்மை தொடர்பான மரணங்களை அது இனத்தோடும் கல்வியோடும் சேர்த்துப் பார்த்தது. கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் மரண விகிதம், பட்டம் பெற்ற வெள்ளையினப் பெண்களின் விகிதத்தைப்போல 5.2 மடங்கு. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத வெள்ளையினப் பெண்களோடு ஒப்பிட்டாலும் 1.6 மடங்கு. இனத்தை மட்டும் பார்த்திருந்தால் 'ஏழ்மைதான் காரணம்' என்று சொல்லியிருப்பார்கள். கல்வியை மட்டும் பார்த்திருந்தால் 'படிக்க வையுங்கள்' என்று முடித்திருப்பார்கள்.

அதே மையத்தில் தொற்றுநோயியல் அறிஞராகப் பணியாற்றியவர் ஷலோன் இர்விங். சமூக ஏற்றத்தாழ்வு உடலை எப்படி நோயாளியாக்குகிறது என்பதே அவருடைய ஆய்வு. முனைவர் பட்டம், நல்ல வேலை, மருத்துவக் காப்பீடு எல்லாம் இருந்தன. 2017 ஜனவரியில், மகள் பிறந்த மூன்றே வாரத்தில், அவர் இறந்துபோனார். வயது 36. இடைப்பட்ட நாள்களில் ரத்த அழுத்தம், உடல் வீக்கம் என்று திரும்பத் திரும்ப மருத்துவர்களிடம் போய் வந்திருந்தார்.

ஒரு கொள்கையை ஏன் மாற்ற வேண்டியிருந்தது என்பதையும் இத்தகைய கணக்குகள் காட்டுகின்றன. 2017 முதல் 2019 வரையிலான மரணங்களை ஆராய்ந்ததில், பாதிக்கு மேல், அதாவது 53 சதவீதம், பிரசவம் முடிந்த ஒரு வாரத்துக்குப் பிறகு ஓராண்டுக்குள் நேர்ந்தவை என்று தெரிந்தது. ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீடோ அப்போது பல மாநிலங்களில் பிரசவத்துக்குப் பின் 60 நாளோடு நின்றுவிட்டது. அந்நாட்டுப் பிரசவங்களில் பத்தில் நான்குக்கு அந்தக் காப்பீடுதான் ஆதாரம். 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதை ஓராண்டுக்கு நீட்டிக்கும் வாய்ப்பை மாநிலங்களுக்குக் கொடுத்தது. பெரும்பாலான மாநிலங்கள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. குறுக்குவெட்டுப் பார்வை என்றவுடன் பலரும் அதை வெறும் கூட்டலாகப் புரிந்துகொள்கிறார்கள். பெண் என்றால் ஒரு புள்ளி, ஏழை என்றால் இன்னொரு புள்ளி, தலித் என்றால் மூன்றாவது, மொத்தம் மூன்று. உண்மை இப்படி ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. வட கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்தில் கீதா சென், அதிதி ஐயர் இருவரும் செய்த ஆய்வுதான் இதற்குச் சிறந்த சான்று. நோய் வந்தால் யார் சிகிச்சைக்குப் போகிறார்கள், யார் பாதியில் நிறுத்துகிறார்கள், யார் போவதே இல்லை என்று வீடு வீடாகக் கேட்டார்கள். வசதியுள்ள ஆண்கள் மேலே, ஏழைப் பெண்கள் அடியில். இது எதிர்பார்த்ததுதான். நடுவில் இருந்த இருவரிடம்தான் விஷயம் இருந்தது: வசதியுள்ள பெண்கள், ஏழை ஆண்கள். சமூகத்தில் இவர்கள் இருவரும் நிற்கும் இடம் வேறு. ஆனால் சிகிச்சையில் இருவரின் நிலையும் பெரிதாக வேறுபடவில்லை.

எப்படி? ஏழை ஆணுக்குப் பணம் இல்லை, ஆனால் வீட்டில் ஆண் என்ற இடம் இருக்கிறது. கைமாற்று வாங்கியாவது அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள்; சம்பாதிக்கிறவன் படுத்துவிட்டால் அடுப்பெரியாது என்பது வீட்டின் நியாயம். அந்தப் பணத்துக்காக வைத்தியம் தள்ளிப்போவது மனைவிக்கோ தாய்க்கோ. வசதியுள்ள பெண்ணுக்கு வீட்டில் சொல் எடுபடாவிட்டாலும் குடும்பத்தின் வசதி ஓரளவுக்குக் கைகொடுக்கிறது. இருவரும் ஒரு பக்கம் இழந்ததை இன்னொரு பக்கம் ஈடுகட்டிக்கொள்கிறார்கள். ஈடுகட்ட எதுவுமே இல்லாதவள் ஏழைப் பெண் மட்டும்தான். குடும்பத்துக்கு ஒரு காப்பீட்டு அட்டை என்று கொடுத்துவிட்டு, அது வீட்டிலுள்ள எல்லோருக்கும் சமமாகப் பயன்படும் என்று கருதும் எந்தத் திட்டமும் கொப்பளின் இந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் இன்னும் கசப்பான பாடம்.

வறட்சி மிகுந்த அந்த மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் லட்சக்கணக்கானோர் கரும்பு வெட்டப் புறப்படுகிறார்கள். மேற்கு மகாராஷ்டிரத்தின் கரும்புத் தோட்டங்களிலும் கர்நாடகத்திலும் ஐந்தாறு மாதம் வேலை. 'முகாதம்' எனப்படும் ஒப்பந்தக்காரர் முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கிறார். ஆள் என்றால் தனி ஆள் கிடையாது. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு 'கொய்தா'. கரும்பு வெட்டும் அரிவாளின் பெயர் அது. சம்பளமும் அந்த ஜோடிக்குத்தான், கடனும் அந்த ஜோடிக்குத்தான். ஒருவர் ஒரு நாள் வரவில்லை என்றாலும் அபராதம். விடியும் முன்பே வெட்டத் தொடங்கி, கட்டுகளைத் தலையில் சுமந்து வண்டியில் ஏற்றி, இரவில் தோட்டத்து ஓரத்துக் கூடாரத்தில் தங்குகிறார்கள். கழிப்பறை இல்லை, குளிக்க மறைவிடம் இல்லை. மாதவிடாய் நாள்களில் துணி மாற்றவும் துவைக்கவும் தண்ணீர் இல்லை. தொற்றும் வெள்ளைப்படுதலும் இடுப்புவலியும் சாதாரணம்.

வலி பொறுக்காமல் ஊரில் தனியார் மருத்துவமனைக்குப் போனால், கர்ப்பப்பையை எடுத்துவிடு, இல்லாவிட்டால் புற்றுநோய் வரும் என்று பயமுறுத்தி அறுவைச் சிகிச்சை செய்த சம்பவங்கள் 2019இல் வெளிச்சத்துக்கு வந்தன. மகாராஷ்டிர அரசு நீலம் கோர்ஹே தலைமையில் குழு அமைத்தது. பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரிடம் விசாரித்ததில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. ஏறக்குறைய ஆறில் ஒருவர். அக்காலத்துத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாடு முழுவதும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 3 சதவீதத்தினருக்கே இந்த அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது.

இதை மருத்துவ ஒழுங்குமுறைப் பிரச்சினையாக மட்டும் பார்த்தால் தீர்வு சுலபம்: மாவட்ட அரசு மருத்துவ அதிகாரியின் அனுமதி இல்லாமல் கர்ப்பப்பையை எடுக்கக் கூடாது. பீடில் அப்படித்தான் உத்தரவு போட்டார்கள். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும், தேவையற்ற கர்ப்பப்பை அகற்றத்தைத் தடுக்கும் ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் பின்பற்ற மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. இரண்டும் அவசியம். ஆனால் கரும்பு வெட்டும் பெண் அந்த மருத்துவமனைக்குப் போனது மருத்துவரின் பேராசையால் மட்டும் இல்லை. கழிப்பறை இல்லாத கூடாரம், விடுப்புக்கு அபராதம், ஜோடிக் கணக்கில் கரைந்துபோன அவளுடைய கூலி, முன்பணக் கடன், சொந்த ஊரில் பிழைக்க நிலமில்லாத நிலை, இவை அத்தனையும் சேர்ந்துதான் அவளை அந்த அறுவை மேசையில் படுக்க வைத்தன. மகளிர் நலத் துறை அவளைப் பெண்ணாகப் பார்க்கிறது. தொழிலாளர் துறையின் பதிவேட்டிலோ அவளுக்குத் தனிப் பெயரே இல்லை. அனுமதிச் சீட்டை மட்டும் இறுக்கினால், வலி அப்படியே இருக்க, வைத்தியம் மட்டும் எட்டாமல் போகும் ஆபத்து உண்டு. அவளைத் தனித் தொழிலாளியாகப் பதிவு செய்து, கூலியை அவள் பெயரில் கொடுத்து, சர்க்கரை ஆலை செலவில் கழிப்பறை அமைப்பது, எந்தச் சுகாதார அதிகாரியும் தன் துறையின் வேலை என்று நினைக்காத சுகாதாரக் கொள்கை.

இலங்கையின் மலையகத்தில் வேறொரு சிக்கல். பிரசவப் பாதுகாப்பில் தெற்காசியாவுக்கே முன்மாதிரி என்று இலங்கையைச் சொல்வார்கள், அது தகுதியான பாராட்டுதான். ஆனால் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாட்டில் 17.3 சதவீதம். தோட்டத்துறையில் அது 31.7 சதவீதம். அந்தக் குழந்தைகளின் தாய்மார்களில் பலர் காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், பிள்ளையைப் பிள்ளைக்காம்பிரா எனப்படும் தோட்டக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு மலையேறிக் கொழுந்து பறிப்பவர்கள். 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமை மலையகத் தமிழர் அனைவருக்கும் முழுமையாகக் கிடைக்க 2003 வரை ஆயிற்று. இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் அவர்களுடைய வைத்தியம் நாட்டின் பொதுச் சேவையிலிருந்து விலகி, தோட்ட நிர்வாகத்தின் கையில் கிடந்தது. இன்றும் அரசு வைத்தியசாலைக்குப் போனால், தமிழ் தெரிந்த ஊழியர் இருந்தால்தான் நோவைச் சொல்ல முடியும்.

'தமிழர்' என்று ஒரே பத்தியில் கணக்கெடுத்தால், யாழ்ப்பாணத்து ஆசிரியையும், ஹட்டனில் லயம் எனப்படும் வரிசை வீட்டில் வாழும் தொழிலாளியும் ஒன்றாகிவிடுவார்கள். 'தோட்டம்' என்று மட்டும் எடுத்தால் துரையின் பங்களாவும் லயமும் ஒரே துறை. 'பெண்' என்று எடுத்தால் கொழும்புப் பெண்ணின் நலம் இவளுடைய கணக்கிலும் சேரும். எந்தப் பத்தியும் பொய் சொல்லவில்லை, ஆனால் அவள் எதிலும் தெரிவதில்லை.

நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட விதியும் இப்படி வடிகட்டிவிடும். இந்தியாவில் மகப்பேறு உதவித் தொகைகளைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1987இல் தொடங்கிய, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவி நாட்டுக்கே முன்னோடி. அதுவும் முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான். 2010இல் வந்த ஒன்றிய அரசின் இந்திரா காந்தி திட்டம் 19 வயது நிரம்ப வேண்டும், இரண்டு குழந்தைக்கு மேல் கிடையாது என்றது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு ஊழியர் போன்றோர் நீங்கலாகக் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் குறைந்தது 6,000 ரூபாய் என்று உரிமை கொடுத்தது. 2017இல் வந்த பிரதமர் மாத்ரு வந்தனா திட்டமோ முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 என்று சுருக்கியது. பின்னர் இரண்டாவது பெண் குழந்தையாக இருந்தால் உண்டு என்று சேர்த்தது.

மூன்றாவது குழந்தையைச் சுமப்பவள் யார்? 2015-16ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வில், மிக ஏழைப் பிரிவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3.2 குழந்தைகள், மிக வசதியான பிரிவில் 1.5. பழங்குடியினரிடமும் பட்டியலினத்தவரிடமும் மற்றவர்களைவிட அதிகம். 18 வயதில் கர்ப்பமாகிறவளும் பெரும்பாலும் இதே வீடுகளைச் சேர்ந்தவள். ஆக, ரத்தசோகையும் ஆபத்தும் கூடுதலாக உள்ள கர்ப்பிணியைத்தான் விதி வெளியே நிறுத்துகிறது. சிறு குடும்பத்தை ஊக்குவிக்கும் நோக்கம் என்பார்கள். எத்தனை குழந்தை என்பதை அவள் தீர்மானிக்கும் வீடா அது என்று யாரும் கேட்கவில்லை. தொடக்கத்தில் மாத்ரு வந்தனா திட்டத்துக்குக் கணவரின் ஆதாரும் தேவைப்பட்டது. கைவிடப்பட்ட பெண் என்ன செய்வாள்? பின்னர் அந்த நிபந்தனை நீங்கியது. மருத்துவமனைப் பிரசவத்துக்கான ஜனனி சுரக்‌ஷா திட்டத்திலும் இதேபோல் இருந்த வயது, குழந்தை எண்ணிக்கைக் கட்டுப்பாடுகள் 2013இல் நீக்கப்பட்டன. முடியாதது ஒன்றுமில்லை.

எண்ணிக்கையே இல்லாத இடத்தில் வாதமும் எடுபடுவதில்லை. பிரேசில் 1996 முதல் இறப்புப் பதிவில் இனத்தையும் நிறத்தையும் குறிக்கிறது. இந்தியாவின் தாய்மை மரண விகிதம் மாநில வாரியாக வெளியாகிறது, சாதி வாரியாக வெளியாவதில்லை. 2022இல் சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா மூவரும் ஒன்பது மாநிலங்களின் பெரிய அளவிலான சுகாதாரக் கணக்கெடுப்பை எடுத்து ஆயுட்காலத்தைக் கணக்கிட்டார்கள். உயர்சாதி இந்துக்களைவிட ஆதிவாசிகள் நான்கு ஆண்டுக்கும் மேல், தலித்துகள் மூன்று ஆண்டுக்கும் மேல் குறைவாக வாழ்கிறார்கள். முஸ்லிம்கள் ஏறத்தாழ ஓராண்டு. பொருளாதார நிலையால் இந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்க முடியவில்லை. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் இடம்பெறும் என்று 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. அதன் பயன், சாதியைப் பாலினத்தோடும் தொழிலோடும் வசிப்பிடத்தோடும் குறுக்கே வைத்துப் பார்க்கும் அட்டவணைகளை வெளியிடுவார்களா என்பதைப் பொறுத்தது.

எண்கள் சொல்லாததைக் கேட்க இன்னொரு வழியும் இருக்கிறது. 2014இல் வெளியான 'டெட் விமன் டாக்கிங்' என்ற அறிக்கைக்காகச் சமூக அமைப்புகள் பத்து மாநிலங்களில் 124 தாய்மை மரணங்களை விசாரித்தன. மருத்துவக் காரணத்தோடு நிற்காமல், அந்தப் பெண் எந்தத் தெருவில் வாழ்ந்தாள், வண்டிக்கு யார் பணம் கொடுத்தார்கள், எத்தனை மருத்துவமனைகள் திருப்பி அனுப்பின, அங்கே அவளிடம் எப்படிப் பேசினார்கள் என்று குடும்பத்தாரிடமே கேட்டு எழுதினார்கள். இந்தியாவில் மாவட்ட ஆட்சியர் தலைமையில் தாய்மை மரணங்களை ஆராயும் கூட்டங்களுக்கு 2010 முதலே வழிகாட்டுதல் உண்டு. இறந்தவரின் உறவினரை அழைத்துக் கேட்கவும் அதில் இடமிருக்கிறது. 'பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு' என்று படிவத்தில் எழுதி முடித்த பிறகு, ரத்தம் போகத் தொடங்கியதிலிருந்து மருத்துவர் பார்க்கும் வரை எத்தனை மணி நேரம், அந்த ஒவ்வொரு மணி நேரமும் எதனால் கழிந்தது, பக்கத்துப் படுக்கையில் இருந்தவளுக்கும் அவ்வளவு நேரம் ஆனதா என்ற கேள்விகளை அந்த உறவினரிடம் அங்கேயே கேட்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.